ரன்மாயாவின் முகம் பார்க்கும் நாள்

ரன்மாயா அக்காவைப் பற்றி யாராவது நல்லதாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் எரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினாலு வருஷமாக இந்தக் குழந்தைகள் இல்லத்தில் நான் சமைக்கிறேன். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ரெண்டு வேளை பருப்பும் சோறும் என் கையால்தான். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவள் அம்மா, நான் சின்னம்மா. என் முகத்தை எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. என் கரண்டியைத்தான் பார்ப்பார்கள்.

அவள் கோர்க்கா பக்கத்து மலைக்காரி. பதினேழு வயதில் கல்யாணம். புருஷன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை கிடையாது. மாமியார் வீட்டில் சோறு போடவில்லை என்று காட்மாண்டு ஓரத்துத் தான்கோட்டுக்கு வந்து, இங்கே துணி துவைக்கச் சேர்ந்தாள். அப்போது அம்மாவாக இருந்தவள் வேலையை விட்டுப் போனதும், துவைத்த துணியைக் காயப்போட்ட கையோடு இவளை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து லீவு என்று ஒரு நாள் எடுத்ததில்லை. பேன் பார்ப்பாள், காது குடைவாள், முதுகில் ரெண்டு வைப்பாள், காய்ச்சல் வந்தால் மடியை விட்டு இறக்க மாட்டாள். ஜூனு மட்டும் அவளுக்குத் தனி. ஒன்றரை வயதில் எவளோ ஆஸ்பத்திரி பெஞ்சில் விட்டுப் போன பெண். டைபாய்டில் கிடந்தபோது பதினெட்டு நாள் பஞ்சில் பால் நனைத்து வாயில் பிழிந்தவள் ரன்மாயா. அந்தப் பிள்ளை பிழைத்தது தன்னால்தான் என்று அவளுக்கு உறுதி. எனக்கும்தான்.

வருஷத்தில் ஒரு நாள் ரன்மாயா ராணி. சித்திரை அமாவாசை, அம்மா முகம் பார்க்கும் நாள். பிள்ளைகள் தித்திப்போ பழமோ முட்டையோ கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்து, முகத்தை நேராகப் பார்த்து, காலில் விழ வேண்டும். அன்றைக்கு அக்கா சிவப்புப் புடவை கட்டிப் பாய் விரித்து உட்காருவாள். அம்மா செத்துப்போன பிள்ளைகளை மட்டும் நான் மாதாதீர்த்தக் குளத்துக்குக் கூட்டிப் போவேன். குளத்துத் தண்ணீரில் செத்த அம்மா முகம் தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை. செத்தது நிச்சயமாகத் தெரிந்தால்தான் என் வரிசை. ஜூனு மாதிரி அம்மா எங்கேயென்றே தெரியாத பிள்ளைகளைக் குளத்துக்கு விடமாட்டோம். எங்கோ உயிரோடு இருக்கிறவளைச் சாகடிக்க நாங்கள் யார்?

போன வருஷம் மாசி மாதம் ஸ்பெயினிலிருந்து நெரேயா என்று ஒரு பெண் வந்தாள். மூன்று மாதத்துக்குச் சேவை. இருபத்துமூன்று வயது, கொஞ்சம் நேபாளி, நிறையச் சிரிப்பு. வருகிறவர்கள் எல்லாரும் சுவரில் பலூன் வரைந்துவிட்டுப் போவார்கள். இவளும் வரைந்தாள். ஆனால் தரையில் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டாள், பிள்ளைகளோடு குழாயடியில் தட்டு கழுவினாள். அவள் யாரையும் அதட்டியதே இல்லை. அதட்டாமல் வளர்க்க அவளுக்கென்ன, மூன்று மாதம்தானே.

ஒரு வாரத்தில் ஜூனு அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஏழு வயதுக் கழுதைக்கு இடுப்பு. நெரேயா போடுகிற மாதிரிதான் சடை வேண்டும், நெரேயா ஊட்டினால்தான் சோறு இறங்கும். ரன்மாயா சீப்பை எடுத்தாலே ஓட்டம்.

"உன் சீப்பு வலிக்குதும்மா. மிஸ் சீப்பு வலிக்கல."

"வலிக்காது. அவ சீப்புல பேன் வந்தாத்தானே வலிக்கும்? சும்மா தடவிக் குடுத்தா யாருக்குத்தான் வலிக்கும்?" என்று ரன்மாயா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ரெண்டாவது மாதம் நெரேயா தலையிலும் பேன் ஏறியது. அக்கா அவளை வெயிலில் உட்கார வைத்து ஒரு மதியம் முழுக்க வாரித் தள்ளினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. "பாத்தியா தங்கச்சி, நம்ம வீட்டுப் பேனுக்கும் வெள்ளைக்காரத் தலைதான் ருசிக்குது" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நெரேயாவும் புரியாமல் கூடச் சிரித்தாள்.

அமாவாசை வந்தது. சிவப்புப் புடவை, பாய், வரிசை. ஜூனு ஒரு இலையில் ஜிலேபி வைத்துக்கொண்டு வந்தாள். ரன்மாயா கை நீட்டினாள். பிள்ளை அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறி, நெரேயா முன்னால் போய் நின்று, அவள் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டுக் காலில் விழுந்தது. நெரேயாவுக்கு அது என்ன நாளென்றே தெரியாது. ஜிலேபி கொடுத்ததற்கு முத்தம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ரன்மாயா மிச்சப் பிள்ளைகளை ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினாள். மதியம் வீட்டிலிருந்த அத்தனை படுக்கை விரிப்பையும் இழுத்துப்போட்டு, அழுக்கில்லாததையும் சேர்த்துத் துவைத்தாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூடவே உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. இத்தனை வருஷம் நான் பட்டது அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நெரேயா ஊருக்குப் போனாள். ஜூனு நாலு நாள் கேட்டருகிலேயே உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை தோறும் பேசுவேன் என்று நெரேயா சொல்லிவிட்டுப் போயிருந்தாள், ரன்மாயாவின் போனில் வீடியோ கால். ரெண்டு சனிக்கிழமை வந்தது. ரெண்டு தடவையும் பேசி முடித்ததும் பிள்ளை அழுது புரண்டு, தொட வந்த ரன்மாயாவின் கையைத் தட்டிவிட்டது. மூன்றாம் சனிக்கிழமை அக்கா போனை அணைத்து அரிசி டின்னுக்குள் வைத்தாள். அரிசி டின் என்னுடையது, அதனால் எனக்குத் தெரியும்.

"என்னக்கா இது?"

"சார்ஜ் இல்ல."

"அரிசியில சார்ஜ் ஏறுமா?"

"உன் வேலையப் பாரு தங்கச்சி. கொழந்தைங்க நாலு வாரத்துல மறந்துடும்."

நான் என் வேலையைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் டின்னுக்குள் போகும், ஜூனு வந்து கேட்கும், "மிஸ் போன் வந்துச்சா?" அக்கா வரலை என்பாள். நவராத்திரி சமயத்துத் தசைன் பண்டிகை வரைக்கும் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மெல்ல அவள் மடிக்கே திரும்பி வந்து, அந்த வலிக்கிற சீப்புக்குத் தலையையும் கொடுத்தது. ரன்மாயாவின் முகத்தில் ஒரு பளபளப்பு ஏறியது. நடையே மாறிவிட்டது. ஜெயித்தவள் நடை.

இந்த வருஷ அமாவாசைக்கு அவள் புதுப் புடவை எடுத்தாள். காலையில் பிள்ளைகள் வந்து முகம் பார்த்தார்கள். ஜூனு வரவில்லை. கொல்லையில் விளையாடுது, வரும் என்றாள் அக்கா. பாயைச் சுருட்டவே இல்லை. பத்து மணிச் சோற்றையும் அங்கேயே தட்டில் வாங்கிச் சாப்பிட்டாள்.

குளத்தில் காலையில் கூட்டம் தள்ளும் என்று நான் எப்போதும் நடுப்பகலில்தான் கிளம்புவேன். கேட்டருகில் என் வரிசையை எண்ணினேன். ஏழு பேர் இருக்க வேண்டும், எட்டு இருந்தது. கடைசியில் ஜூனு, கையில் காலை நாஷ்டாவுக்கு நான் கொடுத்த அவித்த முட்டையோடு.

பாயிலிருந்து ரன்மாயா எழுந்து வந்துவிட்டாள். "இங்க ஏன்டி நிக்கிற? இது அம்மா செத்தவங்க வரிசை."

"தெரியும். மிஸ் செத்துட்டாங்கல்ல."

"யார்டி சொன்னா?"

"யாரும் சொல்லல. நம்மகூட இருக்கிற சிர்ஜனா அக்காவோட அப்பா கத்தார்ல இருந்து வாராவாரம் பேசுவாரு. ஒரு வாரம் பேசல, அப்புறம் பேசவே இல்ல. அப்புறம் பெட்டியிலதான் வந்தாரு. மிஸ் பெட்டி ஸ்பெயினுக்கே போயிருக்கும். அதான் நமக்கு வரல." அழாமல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னது. "நான் போன வருஷம் அவங்க முகம் பாத்தேன். இந்த வருஷம் தண்ணியில பாக்கணும்."

ரன்மாயாவைத் தனியாக இழுத்தேன்.

"போன் பண்ணுக்கா."

"முடியாது."

"உயிரோட இருக்கிறவளுக்குக் குளத்துல சடங்கா? அந்தப் பாவத்தை என் தலையில கட்டாத. பண்ணு."

"பண்ணா மறுபடி அவகிட்டயே போயிடுவாடி. நான் பஞ்சுல பால் பிழிஞ்சவ. அவ என்ன பண்ணா? சடை போட்டா. எனக்கு வயிறு எரியுது தங்கச்சி, ஒரு வருஷமா எரியுது."

"எரியட்டும். எனக்குப் பதினாலு வருஷமா எரியுது, நான் யாரையாவது கொன்னேனா?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தானே அழுத்தினாள். அங்கே காலை நேரம். நெரேயா முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ரன்மாயா போனை இரண்டு கையாலும் பிடித்து ஜூனுவின் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். பிள்ளை திரையையே பார்த்தது. சந்தோஷப்படவில்லை, கத்தவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தது.

நெரேயாதான் அழுதாள். "ஜூனு, எங்க போனே? நான் சனிக்கிழமை, சனிக்கிழமை போன். நிறைய. யாரும் எடுக்கல."

ஜூனு திரையை விட்டுக் கண்ணை எடுத்து, போனைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தது. முட்டையைத் தூக்கித் திரைக்குக் காட்டியது. "உங்களுக்கு. இன்னிக்கு அம்மா நாள்."

"அதை அங்க அம்மாக்குக் குடு. நான் பாத்தேன், போதும்" என்றாள் நெரேயா.

பேச்சு முடிந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு ரன்மாயா கேட் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். கை தன்னால் நீண்டது. ஜூனு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, முட்டையை முழங்காலில் தட்டி, ஓட்டைப் பொறுமையாக உரித்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டது.

ரன்மாயா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "உப்பு வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றது ஜூனு, அவள் முகத்தைப் பார்க்காமல்.