மச்சான் கொடுத்த வீல்கள்

என் மகன் முருகேசன் வாசலில் உட்கார்ந்து, தன் காருக்கு மாட்ட, டயர் கழற்றிய நாலு பழைய வீல்களை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் மச்சான் சும்மா கொடுத்தவை. சும்மா எதற்குக் கொடுத்தான் என்று காலையிலிருந்து மூன்று தரம் கேட்டுவிட்டேன். பள்ளங்களில் பட்டிப் பசை பூசி அடைத்தான். அந்த வாடை வந்ததும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

கோட்டைக்குப்பம் கரையில் ஒரு படகு இப்படித்தான் மணத்தது. அம்மாவின் அண்ணன் எங்களுக்கு விற்ற படகு. புதிய நீலப் பெயிண்ட். படகு வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டி, உள்ளே விரிசல் உண்டா என்று சத்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். உறவுக்காரர் படகைத் தட்டுவது மட்டும் அவமரியாதை. என் அப்பா, நைனா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் முகத்துவாரத்தில், பட்டி வைத்து மறைத்திருந்த பலகை பிளந்தது. நைனா நீந்தி வந்தார். படகும் வலையும் வரவில்லை.

“எங்கண்ணன் படகுன்னா தட்டக்கூடாதா? இன்னா பெரிய மரியாதை!” என்று அம்மாவே கத்தினாள்.

நான் எழுந்து ஸ்பேனரை எடுத்தேன்.

“இன்னாப்பா பண்றே? மச்சானுக்குத் தெரிஞ்சா மூஞ்சியத் தூக்கிக்குவான்.”

“தூக்கிக்கட்டும். என் பேத்தி உக்கார்ற வண்டி.”

ஒவ்வொன்றாகத் தட்டினேன். மூன்று வீல்கள் கணீரென்றன. நாலாவது சொத்தென்றது. முருகேசன் ஸ்பேனரை வாங்கித் தானே தட்டிப் பார்த்தான். பூசிய பட்டியைச் சுரண்டினான். அடியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுப்பா,” என்றான்.

மாமாவைப் பற்றி நைனாவும் சாகிறவரை அதையேதான் சொன்னார்.