பஸ் ஓட்டிய ரே அங்கிள்

எடிசன் நகரில், மகளோடு நின்றிருந்த மருந்துக்கடை வரிசையில் முன்னால் நின்றவரிடமிருந்து வலித்தைல வாசனை வந்தது. ரே அங்கிளின் வாசனை. போன வாரம்தான் அவர் இறந்துவிட்டதாக அம்மா போனில் சொல்லியிருந்தாள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது டெக்சஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இளமையில் ரோடியோ போட்டிகளில் முரட்டுக் காளைகள்மேல் சவாரி செய்தவர். ஒரு காளை தூக்கியெறிந்து இடுப்பு உடைந்தபின், எங்கள் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டினார். விடியுமுன் தைலம் தடவிக்கொண்டு கிளம்புவார். ஒருநாளும் லீவு போட்டதில்லை.

அவர் மனைவிக்கு ஞாபகம் போய்விட்டது. "நீங்க யாரு?" என்று தினமும் அவரையே கேட்பாள். அவரும் தினமும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் பெயரைச் சொல்வார்.

"அந்தம்மாக்கு இவர் யாருன்னே தெரியலைங்க. ஆனா அவங்களுக்கு ஊட்டிட்டுத்தான் இவர் டின்னர் சாப்பிடறார்" என்பாள் அம்மா, அப்பாவிடம்.

மனைவியை அடக்கம் செய்த மறுநாளும் பஸ் வந்தது. சாயங்காலம் அம்மா சாப்பாடு கொண்டுபோனபோது நானும் உடன் போனேன். தட்டைத் தொடாமல் அமைதியாகச் சொன்னார்: "நான் யாருன்னு இன்னிக்கு யாருமே கேக்கல."

"மாம், நம்ம டர்ன்" என்றாள் என் மகள். கவுண்டர் முன் நகர்ந்து நின்றேன்.