பிறைக்கத்தியும் இடது செருப்பும்

திருச்சுழிச் சந்தையில் கொல்லரின் மனைவி சாக்கு விரித்துக் கத்தி விற்கிறார். தோல் வெட்டுகிற பிறைக்கத்திகள் மூன்று இருக்கின்றன. செருப்புத் தைக்கிறவன் நான், பளபளப்பானதை எடுக்கிறேன்.

“மினுக்கப் பாத்து எடுக்காதீக. வளைச்சு வெட்டிப் பாருங்க,” என்கிறார்.

“தோலுக்கு எங்க போறது?”

அவர் என் காலைப் பார்க்கிறார்.

இடது செருப்பைக் கழற்றி, அதன் தோலிலேயே வெட்டிப் பார்க்கிறேன். பளபளப்பானது வளைவில் சிக்குகிறது. அடுத்தது வழுக்குகிறது. கறுத்துக் கிடந்த மூன்றாவது மட்டும் ஒரே இழுப்பில் வட்டமாக ஓடுகிறது. எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

“வலதையாவது மிச்சம் வையிங்க,” என்று சிரிக்கிறார்.

கத்தியை வாங்கிக்கொண்டு, கரிசல் மண் சுடச்சுட, ஒற்றைச் செருப்போடு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறுகிறேன். கண்டக்டர் காலைப் பார்க்கிறார். சட்டைப்பையிலிருந்து செருப்பில் வெட்டிய வட்டத் துண்டை எடுத்துக் காட்டுகிறேன். ஓரத்தில் ஒரு பிசிறில்லை.