பின்னால் நின்று பிடித்த இடம்

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மதுரையில் வேலை கிடைத்தபோது, மேலூரில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பயம் இருந்தது. பஸ் கவிழ்ந்துவிடும் என்று ஒருவர், டவுனில் சங்கிலி அறுப்பார்கள் என்று ஒருவர், டைப்ரைட்டரில் விரல் மாட்டிக்கொள்ளும் என்று இன்னொருவர். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் பயப்படவில்லை. கடைசியில் என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது அதுதான்.

மேலமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், நூல் கம்பெனி ஒன்றின் மாடி ஆபீஸ். டைப்பிஸ்டான நான் மட்டும்தான் பெண். மற்ற எல்லாரும் ஆண்கள். முதல் நாள் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை மத்தியானம் திறந்தேன். மூடியை எடுத்த சத்தத்துக்கே மேனேஜர் நாற்காலியை விட்டு ஓடி வந்தார். ஆபீஸ் முழுக்க எலி. நூல் சாம்பிள், பழைய கணக்குக் கட்டு என்று ஒன்று விடாமல் கடித்து வைத்திருந்தது. அதனால் மாடியில் ஒரு பருக்கை விழக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

"வெளிய போயி சாப்ட்டு வாங்கம்மா. இந்த ஊர்ல ஓட்டலுக்கா பஞ்சம்?" என்றார் மேனேஜர்.

பஞ்சமே இல்லைதான். மத்தியானத்தில் மாசி வீதியைப் பார்த்துவிட்டு நான் வாயைப் பிளந்து நின்றேன். ஒரு சந்தில் கடுகும் வெங்காயமும் வதங்கும், அடுத்ததில் ரசம் கொதிக்கும், அதற்கடுத்ததில் ஆட்டுக்கறி வேகும். ஜவுளிக்கடைக்காரர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், வெங்காய மண்டிக்காரர்கள், வழக்குக்கு வந்த கிராமத்து ஆட்கள், கோயிலுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீதியில் இறங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் வீதி காலியாகிவிடும். எல்லாரும் ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால் இலை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குத்தான் அப்படி அடுப்பு எரியும். இங்கே தினமும் எரிந்தது. இத்தனை பேருக்கு யார் அரிசி களைகிறார்கள், யார் தேங்காய் அரைக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தலை சுற்றியது.

ஆனால் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். புருஷனோடு வந்த பெண்கள் இருந்தார்கள், பிள்ளைகுட்டிகளோடு வந்த பெண்கள் இருந்தார்கள். தனியாக வந்து இலை போடச் சொல்கிற பெண்ணை நான் பார்க்கவில்லை. கட்டுச்சோற்றைக் கோயிலில் வைத்துச் சாப்பிடலாம் என்றால் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கடைப் படிகளில் உட்காரக் கூச்சம். வாழைப்பழமும் பன்னுமாகக் கொஞ்ச நாள் ஓட்டினேன். ஒரு மத்தியானம் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் பூச்சி பறந்து அப்படியே சரிந்தேன்.

விஷயம் வீட்டுக்குப் போனது. அப்பா விவசாயி. பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவித்து ஊருக்கே சோறு போடுகிறவர். அவருக்கு இதைவிட அவமானம் வேறில்லை.

"ஒரு வாய்ச் சோத்துக்கு வழியில்லாத வேலை என்னத்துக்கு? இன்னும் கொஞ்ச நாளு பாப்பேன். பெறகு வீட்டோட இருந்துக்க," என்றார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். காலையில் பஸ் ஏறும்போது நெஞ்சில் வரும் குதிப்பு வேண்டும். அதற்கு மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும். அதனால் தேட ஆரம்பித்தேன்.

முதலில் போனது ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்த பெரிய சைவ ஓட்டல். வாசலில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் பதறிப்போய் "ஃபேமிலி ரூம்!" என்று உள்ளே குரல் கொடுத்தார். திரைச்சீலை தொங்கும் தடுப்பறை ஒன்றில் உட்கார வைத்தார்கள். ஃபேன் ஓடியது, பளிங்கு மேஜை, ஜில்லென்று தண்ணீர். ராணி மாதிரி உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் வந்து என் முன்னால் ஓர் இலை போட்டார். எதிரே இன்னோர் இலை போட்டார். தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விட்டார். திரைக்கு அந்தப் பக்கம் சாம்பார் போகிறது, அப்பளம் நொறுங்குகிறது. என் பக்கம் ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், "வரட்டும்மா, சேந்தே வச்சிடுறேன்," என்று மரியாதையாகச் சொன்னார். யார் வரட்டும் என்று எனக்கு விளங்கவே நேரமாயிற்று. இல்லாத புருஷனுக்காக நானும் இரண்டு இலைகளும் காத்திருந்தோம். யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த பரிதாபத்தைப் பார்த்து எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சோறு வருவதற்குள் ஆபீஸ் நேரம் வந்துவிட்டது. இலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அடுத்துப் போன இடத்தில் "லேடீஸ் ஒண்ணு!" என்று கூவினார்கள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கே நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அப்புறம்தான் அந்த மெஸ். சந்துக்குள் சந்து, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. கறிக்குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். வாசலைத் தாண்டியதும் கல்லாவில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், வாயில் வெற்றிலை. அவரைப் பார்த்த தைரியத்தில்தான் உள்ளே காலை வைத்தேன். ஃபேமிலி ரூம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே ரூமுதான். பசிச்சா உள்ள போ. யாரு பின்னாடியாச்சும் போய் நில்லு, நின்னாத்தான் எடம்."

இந்த வழக்கம் எனக்குப் புதிது. வரிசை கிடையாது, டோக்கன் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் யார் நிற்கிறாரோ அவருக்கே அடுத்து அந்த இடம். அதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. எல்லா முதுகுகளுக்குப் பின்னாலும் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு முதுகு மிச்சமிருந்தது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர் போல, தோளில் துண்டு போட்ட பெரிய ஆள். போய் நின்றேன்.

அவர் சோற்று உருண்டையை வாயில் போட்டதும் ஏதோ உறுத்தித் திரும்பிப் பார்த்தார். பாவாடை தாவணியில் நான். மெல்லுவதை நிறுத்திவிட்டார். பாதி இலையோடு எழுந்திருக்கப் பார்த்தார்.

"அண்ணே, உக்காருங்க! இன்னும் ரசமே வாங்கல," என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது. "அதுவும் பசிச்சு வந்த புள்ளதான். நீங்க நெதானமாச் சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்தார். வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்கும்போது பரீட்சை எழுதுகிற பையனைப் போலத் தலையைக் குனிந்து சாப்பிட்டார். நான் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோர் குடித்து, இலையை மடித்துவிட்டு எழுந்தவர், "உக்காருத்தா," என்றார். அவ்வளவுதான். மதுரையில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

அந்த முதல் சாப்பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. ஆவி பறக்கும் சோறு இலையில் மலைபோல் விழுந்தது. நடுவில் குழி பறிப்பதற்குள் கறிக்குழம்பு வந்துவிட்டது. அதில் மிளகு முன்னால் நின்றது, தேங்காய் பின்னால் வந்தது, கறியின் சாறு கடைசியில் நாக்கோடு தங்கியது. ஒருவர் பெரிய தாம்பாளத்தில் சின்னச் சின்னத் தட்டுகளாக அடுக்கிக்கொண்டு வந்து கண்ணுக்கு நேரே நீட்டுவார். சுக்கா, ஈரல், குடல், மூளை, நண்டு. எதைத் தொட்டாலும் அது நம் இலைக்கு வந்துவிடும். இன்னொருவர் கோழிக்குழம்பு வாளியோடு, மற்றொருவர் மீன்குழம்பு வாளியோடு. யாரும் யாரோடும் மோதவில்லை. இத்தனை பேர் இருந்த கூடத்தில் பேச்சே இல்லை, சாப்பிடும் சத்தம் மட்டும்தான். கோயில் கருவறை முன்னால்கூட நான் அவ்வளவு அமைதியைக் கேட்டதில்லை. இப்படிச் சொல்வதற்காக யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

பிறகு நான் தேறிவிட்டேன். யார் பின்னால் நிற்பது என்பதிலேயே ஒரு வித்தை இருக்கிறது. ரசத்துக்கு வந்துவிட்டாரே என்று நம்பிப் போய் நிற்பது புது ஆட்கள் செய்வது. அவர் திடீரென்று இன்னொரு கை சோறு போடச் சொல்லி, மறுபடியும் மீன்குழம்புக்குப் போய்விடுவார். மோர் வாங்கியவர் பின்னால்தான் நிற்க வேண்டும். அதிலும் ஊறுகாய் கேட்கிற ஆளை நம்பவே கூடாது.

தைரியம் வந்ததும் மற்ற இடங்களும் திறந்துகொண்டன. வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சைவ மெஸ். அங்கே வத்தக்குழம்புக்காகவே வெள்ளிக்கிழமை சீக்கிரம் வராதா என்று இருக்கும். அயிரை மீன் குழம்புக்கு வேறொரு சந்து. விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனைப் பாலில் நீந்தவிட்டு, மண் கக்கவைத்து, புளியில் இறக்குவார்கள் என்று கேட்டு அசந்துபோனேன். சம்பள நாளில் ஆற்றைத் தாண்டி கோரிப்பாளையத்துக்கு நடந்துபோய் பிரியாணி. நான் ஆணாக இருந்திருந்தால் சாப்பாட்டு ராமன் என்று பட்டமே கொடுத்திருப்பார்கள். ஆனாலும் எல்லா நாளும் மனசு திரும்பியது அந்தப் பெயர் இல்லாத மெஸ்ஸுக்குத்தான்.

ஊர்க்காரர் ஒருவர் என்னை அங்கே பார்த்திருக்கிறார். மேலூர்ச் சந்தையில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். உன் மகள் ஆம்பளைகளோடு ஆம்பளையாகப் பந்தியில் உட்கார்ந்து நண்டு கடிக்கிறாள் என்று. ஒரு மத்தியானம் அப்பா ஆபீஸ் வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி சட்டை. முகம் கறுத்திருந்தது.

"ஊருக்குள்ள பேசுறாக. இன்னைக்கே வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வா. கையோட கூட்டிட்டுப் போறேன்."

"சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமலே பஸ் ஏறியிருப்பார். "சாப்ட்டு வந்து எழுதிக் குடுக்கிறேன்," என்றேன். மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன்.

கூட்டம் நெரிந்தது. யாராவது வந்து "வாங்க, உக்காருங்க" என்று கையைப் பிடிப்பார்கள் என்று அப்பா வாசலிலேயே நின்றார். விசேஷ வீடுகளில் அவரை அப்படித்தான் உட்கார வைப்பார்கள். அவரைத் தாண்டி ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். யார் பின்னாலாவது நிற்க வேண்டும் என்று சொன்னேன்.

"திங்கிறவன் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறதா? நான் என்ன பிச்சைக்கா வந்தேன்?" என்று சீறினார்.

உள்ளே போய், மோர் வாங்கிய இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து அவர்களுக்கு நடுவில் நின்றேன். இரண்டு இடத்துக்கும் ஒரே ஆள் நிற்பது அங்கே முறை இல்லை. பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். "எங்கப்பா வந்திருக்காக," என்றேன். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இடம் காலியானதும், "அப்பா, வாங்க," என்று கூப்பிட்டேன். அத்தனை பேருக்கும் நடுவில் அப்பா நடந்து வந்து, நான் பிடித்த இடத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, அய்யா யாரு, அப்பாவா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் பரிமாறுகிறவர். தாம்பாளம் முதலில் என்னிடம்தான் வந்தது. அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஈரலைத் தொட்டேன், அது அவர் இலைக்குப் போனது. அவர் ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தார். மறுபடி பிசைந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. குழம்பு வாளி வந்தபோதெல்லாம் போதும் என்று கையால் மறிக்கவில்லை. நடுவில் ஒரு தரம் தலையைத் தூக்கிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வாளிகளைப் பார்த்தார், கல்லாவில் இருந்த பெண்மணியைப் பார்த்தார். "அடேயப்பா, எம்புட்டுச் சோறு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, இப்போது எழுதித் தரச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் துண்டில் வாயைத் துடைத்தார்.

"நீ ஆபீஸுக்குப் போ. நான் பஸ்ஸுக்குப் போறேன்," என்றார். இரண்டடி நடந்து திரும்பினார். "சனிக்கெழம உங்கம்மாவக் கூட்டிட்டு வாரேன்."

அப்படியே கூட்டி வந்தார். அம்மா கண்டாங்கிச் சேலையைப் புதுசாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் இடம் பிடித்தேன். அப்பா உட்கார்ந்தார், நான் உட்கார்ந்தேன். அம்மா உட்காரவில்லை. அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பரிமாறுகிறவர் கையிலிருந்த சோற்று வாளியை வாங்கப் போனாள்.

"நீங்க உக்காருங்கம்மா, நான் இருக்கேன்ல," என்றார் அவர்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "உக்காரு," என்றார் அப்பா. உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு, வேலைக்காரர்களும் சாப்பிட்டுப் போன பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு மிஞ்சியதைச் சட்டியோடு வைத்துச் சாப்பிடுகிறவள் அவள். அன்றைக்கு எங்களோடு சேர்ந்தே சாப்பிட்டாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எப்படி இருந்தது என்று வெளியே வந்ததும் கேட்டேன். கறிக்குழம்பைச் சொல்வாள், மீனைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"சோறு சுடச்சுட இருந்துச்சுடி," என்றாள்.