கறுப்புக் குமிழின் பள்ளம்

தந்தி தட்டும் அந்தப் பித்தளை மோர்ஸ் கீயின் கறுப்புக் குமிழில் இடது பக்கம் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. என் இடது கை நடுவிரல் ஒன்பது வருடம் தேய்த்த பள்ளம். சைனிக்புரியில் மேஜர் சார் தன் வீட்டு முன்னறையைப் பழைய ரேடியோக்களின் காட்சியகமாக மாற்றியபோது, அந்தக் கீயை நடு மேசையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஓர் அட்டை. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மேஜரின் கை பட்ட கருவி என்று எழுதியிருந்தது. திருமுல்கேரியில் பஸ் ஏறி, யாரும் அழைக்காமலே போயிருந்தேன்.

நான் அந்த வீட்டுக்குத் தோட்ட வேலைக்குச் சேர்ந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு முன் ரயில்வே தந்தி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தில் மோர்ஸ் சத்தம் என் காதில் எழுத்துகளாகவே விழப் பழகிவிட்டது. மேஜர் சாருக்கு ரேடியோ லைசென்ஸ் இருந்தது. பரீட்சைக்குப் படித்த மோர்ஸ் மறந்துபோயிருந்தது. முதலில் வருவதை எழுதிக் கொடுத்தேன். பிறகு அவர் எழுதித் தரும் பதிலையும் நானே தட்டினேன். லைசென்ஸ் இல்லாதவன் தொடக் கூடாது என்பதால் கதவைத் தாழ்போட்டுக்கொள்வார். மோர்ஸில் ஒவ்வொருவர் தட்டலும் கையெழுத்து மாதிரி. கேட்டுப் பழகியவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். புள்ளியும் கோடுமாகத் தட்டுவதில் எனக்குக் கடைசிக் கோடு எப்போதும் கொஞ்சம் நீளும். உங்கள் கை அழகு என்று பல ஊர்களிலிருந்து கார்டுகள் வரும். அவர் சுவரில் ஒட்டிக்கொள்வார்.

எனக்கும் பரீட்சை எழுத ஆசை, விண்ணப்பத்தை நிரப்பித் தாருங்கள் என்று ஒருநாள் கேட்டேன். கேட்கத் துணிவு வரவே மூன்று மாதம் ஆனது. "அஞ்சாங்கிளாஸுக்கு லைசென்ஸ் கேக்குதா? போய் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துடா" என்று தாளைக் கிழித்தார். மறுவாரம் வேலையும் போனது. உடம்பு சரியில்லை என்று நண்பர்களிடம் சொல்லி அவரும் ரேடியோவை நிறுத்திவிட்டார். மாரெட்பள்ளியில் வாட்ச்மேனாக இருந்த ஆறு வருடமும் அந்தத் தாள் கிழிந்த சத்தம் என்னோடு இருந்தது. மறக்க நான் முயலவே இல்லை.

அன்று காட்சியகத்துக்குச் சாஃப்ட்வேர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். குழந்தைகள் தட்டிப் பார்க்க, கீயைப் பீப் சத்தம் போடும் ஒரு பஸ்ஸரில் இணைத்திருந்தார்கள். பல வருடம் மேஜரோடு மோர்ஸில் பேசியதாக நம்பிய ஓர் அம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். அவர் மேசைக்கு முதுகைக் காட்டியபடி சுவர்க் கார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது கை நடுவிரல் தானாகப் பள்ளத்தில் பொருந்தியது. மேஜரின் லைசென்ஸில் இருந்த ரேடியோப் பெயரை ஒருமுறை தட்டினேன்.

"மேஜர், ஆறு வருஷமாச்சு, உங்க கை மாறவே இல்லீங்க!" என்று சிரித்தபடி அந்த அம்மா திரும்பினார். நாற்காலியில் நான். வாசலருகே டீக் கோப்பையோடு மேஜர் சார்.

"அட, இவன் நம்ம பழைய தோட்டக்காரன். நான்தான் கத்துக் குடுத்தேன்."

"அப்படீங்களா? நீங்க ஒருதடவ தட்டுங்க மேஜர், கேப்போம்."

"ஆமா அங்கிள், ப்ளீஸ் அங்கிள்!" என்று குழந்தைகள் குதித்தன.

பத்துப் பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுந்து, தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்து, அவர் பக்கம் நகர்த்தினேன். "உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். மூன்றாவது எழுத்தில் தடுக்கி நின்றுவிட்டார். அந்த அம்மா குமிழைப் பார்த்தார், பிறகு என் இடது கையைப் பார்த்தார். வியர்த்த மேஜரின் கழுத்தை ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மறுநாளே அட்டையை எடுத்துவிட்டார்களாம். கீ அங்கேயே இருக்கிறது. பள்ளத்தில் தூசி சேரும். அவர் தினமும் துடைக்கட்டும்.