வீட்டில்தானே இருக்கிறேன்

மருந்தியல் படித்தவள் நான். கணவரின் வங்கி மாற்றலோடு கோவையிலிருந்து புனே வந்தோம். மகள் பிறந்த பிறகு வெளியே வேலைக்குப் போக முடியவில்லை. வெளிநாட்டு மருத்துவர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டு, நோயாளியின் அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. புனேயின் ஔந்த் பகுதியில் எங்கள் ஃப்ளாட்டின் படுக்கையறை மூலையில் ஒன்பது வருடம் அதைச் செய்தேன்.

தட்டும் ஒவ்வொரு வரிக்கும் இவ்வளவு என்று கூலி. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கே போதாது. எதிர்வீட்டுப் பெண் அலுவலகம் கிளம்பும்போது, "ஆப் தோ கர் பே ஹி ஹோ நா", நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று சாவியைக் கையில் திணிப்பார். அவர் வீட்டு சிலிண்டர், கூரியர், பிளம்பர் எல்லாம் என் பொறுப்பு. வீட்டில்தானே இருக்கிறேன்.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மருத்துவர் எதையோ மென்றுகொண்டே பேசுவார். அவருடைய பதிவென்றால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். எனக்கு அவர் விழுங்கும் சொல்லும் புரியும். ஒரு நாள், அறுவை சிகிச்சைக்கு முந்தைய குறிப்பில் இடது சிறுநீரகத்தில் கட்டி என்றார். அதே நோயாளிக்குப் போன வாரம் வலது என்று தட்டியதாக நினைவு. பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். வலதுதான். சென்னையிலிருந்த மேற்பார்வையாளரை அழைத்தேன்.

"டாக்டர் சொன்னத அப்படியே அடிச்சுடுங்க மேடம். நமக்கு எதுக்கு?"

"இல்லீங்க சார், ஒரு வார்த்த கேட்டுருங்க. தப்பான பக்கம் கீறிட்டா என்னாகறது?"

மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: வலதுதான், மருத்துவர் திருத்திவிட்டார். அன்று முழுவதும் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பள்ளிவிட்டு வந்த மகளிடம்கூடச் சொன்னேன்.

இரண்டே மாதத்தில் மென்பொருள் வந்துவிட்டது. அதுவே கேட்டு எழுதும், நான் பிழை திருத்தினால் போதும், கூலி பாதி என்றார்கள். அதன் உளறலைத் திருத்த முன்னைவிட அதிக நேரம் பிடித்தது. மேற்பார்வையாளரிடம் அந்தச் சிறுநீரகத் தவறைப் பிடித்ததைச் சொல்லி, கூலியைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதுக்கெல்லாம் தனி ரேட் கிடையாது மேடம்."

குரலில் கோபமில்லை. அவர் பின்னால் குக்கர் விசிலடித்தது. அவரும் வீட்டிலிருந்துதான் பேசிக்கொண்டிருந்தார்.

"விட்டுரு. எதுக்குக் கண்ணக் கெடுத்துக்கற?" என்றார் கணவர்.

"விட்டுட்டு என்னங்க பண்றது?"

மேலும் ஐந்து மாதம் இழுத்துவிட்டு நானே விட்டேன். விலகல் கடிதம் அனுப்பிய அன்று மதியமே என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பக்கத்து மருத்துவமனையில் இன்சூரன்ஸ் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து இருக்கிறதா, ஆதார் நகல் இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிறேன். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நேரமில்லை. படிக்கச் சொல்வாரும் இல்லை. சம்பளம் முன்பு வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு. கணவருக்கு நிம்மதி. எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் தாண்டினாலே மறுநாள் கவுன்டரை நினைத்து மனம் சோர்ந்துவிடுகிறது.