அந்தப் பெண் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னது

பெண்கள் டென்னிஸை நான் ஆட்டத்துக்காக மட்டும் பார்ப்பதில்லை. யார் எந்த ஊர்க்காரி, அப்பா என்ன வேலை பார்த்தார், முதல் ராக்கெட்டை வாங்கிக் கொடுத்தது யார் என்றெல்லாம் தேடித் தேடிப் படிப்பேன். ஒருத்தி ஏழு வயதிலேயே தாயை விட்டு வேறொரு நாட்டுக்குப் பயிற்சிக்குப் போனவளாக இருப்பாள். இன்னொருத்தியின் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கும், அவள் இங்கே கோப்பைக்காக ஆடிக்கொண்டிருப்பாள். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அவர்கள் அடிக்கிற ஒவ்வொரு பந்தும் எனக்குப் பந்தாகத் தெரியும்.

நான் வேலை பார்ப்பது தம்பானூரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். அங்கே எனக்கு மேலே இருக்கும் அக்கவுண்டன்ட் சேச்சியும் டென்னிஸ் பைத்தியம்தான். பெரிய போட்டி நடக்கும் இரண்டு வாரமும் மதியச் சாப்பாட்டு நேரம் எங்களுடையது. சேச்சி யார் ஜெயிப்பார்கள் என்று சொல்வாள், நான் அவர்களுடைய கதையைச் சொல்வேன். சுற்றியிருப்பவர்களும் டிபன் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

உனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று சேர்ந்த புதிதில் சேச்சி கேட்டாள். அப்பா கிளப்பில் இருந்தார், சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன் என்றேன். கிளப்பில் என்னவாக என்று அடுத்த கேள்வி வந்தது. சேச்சியின் அப்பா அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. மானேஜர் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு திருத்தவும் இல்லை.

அப்பா அந்த கிளப்பில் டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டவர். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு இங்கே வந்து, முதலில் ஒரு ஹோட்டலில் மேசை துடைத்து, பிறகு அந்த வேலையில் சேர்ந்தார். காலையில் மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பார், உருளை இழுப்பார், சுண்ணாம்பால் கோடு போடுவார். ஆட்டம் முடிந்ததும் கனத்த சாக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்து, ஷூ கிளறிய மண்ணைச் சமப்படுத்துவார். அம்மா வீட்டு வேலைக்குப் போகிற நாட்களில் நான் கம்பி வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு டென்னிஸ் தெரிந்தது அப்படித்தான்.

அம்மா போன பிறகு வலியசாலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருக்கிறோம். போட்டி நடக்கும் நாட்களில் சாயங்காலம் நான் வந்ததும் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பாரிஸில் செம்மண்ணில் நடக்கும் போட்டி என்றால் அப்பாவுக்குக் கூடுதல் சந்தோஷம். ஒரு செட் முடிந்ததும் மண்ணைச் சமப்படுத்த நாலைந்து பேர் ஒரு வலையை இழுத்துக்கொண்டு கோர்ட்டைச் சுற்றி வருவார்களே, அந்த நேரத்தில்தான் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். அப்பா அதைக் கண் கொட்டாமல் பார்ப்பார்.

இந்த வருடம் அந்தப் போட்டியில் யாருமே எதிர்பார்க்காத ஒரு பெண் மேலே ஏறி வந்தாள். கிழக்கு ஐரோப்பாவில் ஏதோ சின்ன ஊர். அவளுடைய அப்பா அந்த ஊர் கிளப்பில் கோர்ட்டைப் பெருக்கிச் சமப்படுத்தும் வேலை பார்த்தவர் என்று மூன்றாவது சுற்றிலேயே படித்துவிட்டேன். அலுவலகத்தில் சொல்லவில்லை. மற்ற எல்லோருடைய கதையையும் சொன்னவள் இவளுடைய கதையை மட்டும் விழுங்கிவிட்டேன்.

கால் இறுதியில் அவள் ஜெயித்த பிறகு அது எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. சேச்சி போனை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். அந்த அப்பனின் காலில் விழ வேண்டும் என்றாள். பக்கத்து மேசைப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நல்ல கதையை நீ எப்படித் தவறவிட்டாய் என்று என்னிடம் கேட்டார்கள். கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, தட்டில் மிச்சமிருந்த பயறுத் தோரனைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தேன். யாராவது என் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அவர்கள் யாரைக் கும்பிட வேண்டும் என்கிறார்களோ அப்படிப்பட்ட ஒருவர் என் வீட்டில் பனியனைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருப்பார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் டிவியில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சின்னத் தொகுப்பு போட்டார்கள். பழைய கோர்ட், ஒரு ஓட்டுக் கட்டிடம், துடைப்பத்தோடு ஒரு கிழவர். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் தன் மொழியில் பேசினாள், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அப்பாவுக்குத் தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது.

"என்ன சொல்லுதா பிள்ளே?" என்றார்.

அவள் சொன்னது இதுதான். பத்து வயதில் கிளப்புக்கு வரும் மற்ற பிள்ளைகள் அங்கே மண் இழுக்கிற ஆள் யார் என்று இவளைக் கேட்டார்களாம். தெரியாது என்று சொன்னாளாம். அது அவருடைய காதில் விழுந்ததாம். அவர் திரும்பிப் பார்க்காமல் இழுத்துக்கொண்டே போனாராம். இன்றைக்கும் ஆடப் போகும் முன் அது நினைவுக்கு வருகிறதாம்.

எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யாருன்னு மத்தப் பிள்ளைங்க கேட்டாங்களாம். அதான் எங்கப்பான்னு சொன்னாளாம்," என்றேன்.

அப்பா சிரித்தார். வாய்விட்டு இல்லை, உள்ளுக்குள்ளேயே. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல வளர்ப்பு என்றார். என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்பங்கரைக்குப் போய் நின்றேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது தெருமுனை டீக்கடையில் அப்பாவின் குரல் கேட்டது. டீ குடிக்க வந்த மூன்று நான்கு பேரிடம் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அதான் எங்கப்பா" என்ற இடத்தில், அவளே சொல்வதுபோலக் கையை நீட்டிக் காட்டினார். என்னைப் பார்த்ததும், இவதான் இங்கிலீஷ் படிச்சுச் சொன்னா என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். மழை அப்போது தூறல்தான்.

மதியத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் தம்பானூரில் வழக்கம்போல முழங்கால் தண்ணீர். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. சேச்சி காரை எடுத்து வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். அன்றைக்கு அரையிறுதி. வண்டி ஊர்ந்து ஊர்ந்து வலியசாலை வருவதற்குள் ஆட்டம் தொடங்கும் நேரம் ஆகிவிட்டது. கரமனை தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்துவிடும், உன் வீட்டில் முதல் செட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன், உன் அப்பாவையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றாள். சந்துக்குள் கார் வராது என்றேன். வீடு சின்னது என்றேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரை நிறுத்தினாள்.

அப்பா டிவி முன்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேச்சியைக் கண்டதும் எழுந்து, உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சேச்சி கையைக் கூப்பினாள்.

"சாரே, இரிக்கணும். கிளப்பில மானேஜராயிருந்ததல்லே? இவள் எல்லாம் பறஞ்ஞிட்டுண்டு."

நான் எல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று அவள் சொன்னதும் அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கேள்வியும் இல்லை. பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"அதே," என்றார். "கொறச்சு காலம்."

ஆமாம், கொஞ்ச காலம். அவ்வளவுதான். நான் டீ போடப் போனேன். அடுப்பங்கரையில் நின்றால் முன்னறையில் பேசுவது எல்லாம் கேட்கும். கிளப்பை நடத்துவது கஷ்டமாக இருந்திருக்குமே என்று சேச்சி கேட்டாள்.  அப்பா, வேலைக்காரர்களை மேய்ப்பதுதான் பெரும்பாடு, ஒருத்தனும் நேரத்துக்கு வரமாட்டான், கண் மறைந்தால் மரத்தடியில் படுத்துவிடுவான் என்றார். அது அவருடைய பேச்சே இல்லை. அந்த கிளப்பில் உண்மையிலேயே மானேஜராக இருந்தவர் இவரைப் பற்றிப் பேசுகிற பேச்சு. வேலிக்கு வெளியே உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன். ஒருநாளும் லேட்டாகப் போகாத மனிதர், எனக்காக அதைத் தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது.

சேச்சி முதல் செட் முடிந்ததும் கிளம்பினாள். பெரிய மனிதர், என்ன அடக்கம் என்று வாசலில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் உள்ளே வந்தபோது அப்பா டிவி சத்தத்தைக் குறைத்திருந்தார்.

"அந்தப் பிள்ள நேத்து உண்மையிலே என்ன சொல்லிச்சு?"

சொன்னேன். அந்தப் பிள்ளைகள் கேட்டது, அவள் தெரியாது என்றது, அவர் காதில் அது விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். 

"அப்போ நான் கடையில சொன்னதெல்லாம்?" என்றார்.

 அவரை மானேஜர் என்று நான் சொன்னதைப் பற்றி ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. டீக்கடையில் தன்னை நம்பிக் கேட்டவர்கள் முன்னால் இனி எந்த முகத்தோடு போய் உட்காருவது என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

"அவ அப்பன் என்ன செஞ்சாராம்?"

"இழுத்துக்கிட்டே இருந்தாராம்."

"பின்ன வேற என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அந்தப் பெண் அன்று ஜெயித்தாள். நான் மட்டும் பார்த்தேன். எதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு அவர் வீட்டில் இல்லை. டீக்கடையிலும் இல்லை. கோயிலுக்குப் போனேன் என்று பிறகு சொன்னார். அந்தப் பெண் தோற்றுப்போனாள். கோப்பை கொடுக்கும்போது அவளுடைய அப்பாவைக் காட்டினார்கள். நான் டிவியை அணைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக சேச்சியின் மேசைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். இனிமேலாவது அப்பாவுக்கு நியாயம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். சேச்சி கோபப்படுவாள், ஏன் பொய் சொன்னாய் என்பாள், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது. மதியத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் சேச்சி என் கதையைச் சொன்னாள், நான் இத்தனை வருடமாக ஆட்டக்காரிகளின் கதையைச் சொல்வேனே, அதே மாதிரி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்திச் சொன்னாள். எல்லோரும் என்னைக் கனிவாகப் பார்த்தார்கள். அப்பாவை அழைத்து வா, ஒரு பொன்னாடை போர்த்தலாம் என்று ஆடிட்டரே சொல்லி அனுப்பினார்.

எனக்கு அந்த நேரம் கொஞ்சம் இனிப்பாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறைத்து வைத்தபோது எவ்வளவு கூசியதோ அதைவிட அதிகமாக அந்த இனிப்புக்குக் கூசியது. கூட்டத்திலிருந்து எழுந்து போய் வெகுநேரம் கை கழுவினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், அலுவலகத்தில் எல்லோரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன் என்று. பாராட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு சுமை இறங்கும் என்று நினைத்தேன்.

அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"எதுக்குச் சொன்ன? அந்தம்மா முன்னால நான் ஆமான்னு சொல்லிட்டேன்லா. இப்போ நான்தானே பொய்யன்."

அந்த ஒன்றை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. உண்மையைச் சொல்கிற தைரியம் வந்துவிட்டது என்ற பெருமையில், எனக்காக அவர் சொன்ன ஒரே பொய்யை ஊருக்கு எடுத்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சேச்சி இன்னும் விசாரிக்கிறாள். ஒருநாள் அப்பாவைப் பார்க்க வரட்டுமா என்கிறாள். அவருக்கு வருத்தம் ஒன்றும் வேண்டாம், யாரும் தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லச் சொல்கிறாள். நானும் இரண்டு முறை அந்தப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். டீக்கடையை விட்டுவிட்டார். இப்போதெல்லாம் வீட்டிலேயே டீ போட்டுக் குடிக்கிறார், எனக்கும் ஒரு டம்ளரில் ஊற்றி மூடி வைக்கிறார்.